இசைக்குறிப்பு மென்பொருளில் நம் சொந்தக் குறிகளும் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கீபோர்டும் தாளமும் சொல்லிக்கொடுக்கிறேன். அதோடு, சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களின் உறுமி மேளக் குழுக்களுக்கு அடிகளைக் கணினியில் எழுதிக் கொடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிமாறிய பிறகு, பெரியவர்கள் வாய்ச்சொல்லாகக் கொடுத்த அடிகள் வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கின்றன. அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று இளைஞர்களே இப்போது முன்வருகிறார்கள். வந்தவுடன் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: நம் வாத்தியத்துக்கு வேண்டிய குறி மென்பொருளில் இல்லை. அதைப் பற்றிப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணே, நோட்டு எழுதத்தானே அந்த மென்பொருள்? அதுக்குள்ள படம் எதுக்கு?

ஐந்து கோட்டில் எழுதும் முறை ஐரோப்பிய வாத்தியங்களை வைத்து வளர்ந்தது. வயலினில் வில்லை மேலே இழுக்கவும் கீழே இழுக்கவும் அதில் குறி உண்டு. உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து அந்த முனகலை எழுப்புகிறோமே, அதற்கென்று தனிக் குறி கிடையாது. தவிலில் கூடு மாட்டிய விரலால் அடிப்பதற்கும் கழியால் அடிப்பதற்கும் வேறுபாடு காட்ட வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் நாமே குறி உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு தேவையும் இருக்கிறது. புத்தகத்தின் முகப்பில் கோயில் கோபுரம், குழுவின் சின்னம், குச்சியை எப்படிப் பிடிப்பது என்று காட்டும் ஓவியம் போன்றவை. இந்த இரண்டையும் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். தாளில் ஓரிடத்தில் இருந்தால் போதும் என்பது படம். ஒரு குறிப்பிட்ட அடியோடு சேர்ந்தே போக வேண்டும் என்பது குறி. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்தப் பிரிவையே சார்ந்திருக்கின்றன.

எந்த மென்பொருள் மாஸ்டர் நல்லது? மாசாமாசம் காசு கட்டணுமா?

நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பது மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ. இலவசம், மூலநிரல் திறந்தது, பழைய மடிக்கணினியிலும் ஓரளவு ஓடும். பலர் குழம்புவது இங்கேதான்: அதே பெயரில் இருக்கும் இணையதளத்தில் மற்றவர்கள் எழுதிய தாள்களை இறக்குவதற்குச் சந்தா கேட்பார்கள். எழுதும் மென்பொருளுக்கு ஒரு காசும் கேட்க மாட்டார்கள். மென்பொருளை இறக்க மியூஸ்ஸ்கோர் டாட் ஆர்க் என்ற பக்கத்துக்குப் போங்கள்.

சிபேலியஸ், டோரிக்கோ இரண்டும் விலைக்கு விற்பவை. வசதி குறைந்த இலவசப் பதிப்புகளும் வைத்திருக்கிறார்கள். படங்களைக் கையாள்வதில் டோரிக்கோ மிக நுட்பமானது. ஃபினாலே 1988 முதல் இருந்தது. 2024 ஆகஸ்ட்டில் அதன் நிறுவனம் மேற்கொண்டு வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. பழைய ஃபினாலே கோப்பு வைத்திருப்பவர்கள், அது திறக்கும் கணினி இருக்கும்போதே பிடிஎஃப் ஆகவும் மியூசிக்எக்ஸ்எம்எல் (ஒரு இசை மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற உதவும் பொதுக் கோப்பு வடிவம்) ஆகவும் எடுத்து வைத்துவிடுங்கள். கட்டளைகளாகத் தட்டச்சு செய்து எழுதும் லில்லிபாண்டும் இலவசம்தான், அழகாகவும் அச்சாகும். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையை அதில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. கீழே பெரும்பாலும் மியூஸ்ஸ்கோரை வைத்தே சொல்கிறேன்.

சரி, படத்தை எப்படி உள்ளே போடுறது?

கோப்பு இருக்கும் கோப்புறையைத் திறந்து, படத்தைச் சுட்டியால் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இசைத்தாளில் ஒரு ஸ்வரத்தின் மேலோ ஓய்வுக் குறியின் மேலோ விடுங்கள். அந்த ஸ்வரத்தோடு படம் ஒட்டிக்கொள்ளும். தலைப்பு இருக்கும் சட்டத்துக்குள் படம் வேண்டுமானால், சட்டத்தைத் தேர்ந்து வலச் சொடுக்கில் படம் சேர்க்கும் கட்டளையைக் கொடுங்கள். அளவை மாற்றும்போது நீள அகல விகிதத்தைப் பூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் கோபுரம் குட்டையாகிவிடும்.

படம் போட்டேன். நடுவில ரெண்டு தட்டு சேர்த்ததும் குறி எல்லாம் வேற அடிக்குக் கீழ நிக்குது. ஏன்?

குறியாக இருக்க வேண்டியதைப் படமாக ஒட்டிவிட்டீர்கள். மென்பொருளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நங்கூரம் உண்டு. சட்டத்தோடோ பக்கத்தோடோ கட்டியது அங்கேயே நிற்கும். ஸ்வரத்தோடு கட்டியது ஸ்வரம் போகும் இடமெல்லாம் போகும். டோரிக்கோவில் இந்த வேறுபாடு இன்னும் வெளிப்படையானது: படச் சட்டம் பக்கத்தைச் சேர்ந்தது, வாசிப்பு முறைக்கான குறியைத் தனியாக அதற்கென உள்ள திருத்தியில் உருவாக்க வேண்டும், அதற்குள்ளேயே நம் சொந்த ஓவியத்தையும் ஏற்றலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் ஒரு குழுவுக்கு எழுதிய போது, எல்லாத் தேய்ப்புக் குறிகளையும் முதல் ஸ்வரத்தில் விட்டு, அங்கிருந்து கண்ணளவாக நகர்த்தி வைத்திருந்தேன். திரையில் ஒழுங்காக இருந்தது. அச்சிடும் முன் தாளைக் குறுக்குவாக்கில் திருப்பினேன்; வரிகள் மாறின, குறிகள் எல்லாம் தாளத்தில் ஒன்றரை அடி தள்ளி விழுந்தன. அதை நான் சரிபார்க்கவில்லை. பையன்கள் தாளை நம்பி அப்படியே தேய்த்துப் பழகிவிட்டார்கள், திருத்த மூன்று வாரம் ஆனது. அன்றிலிருந்து ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: எழுதி முடித்ததும் தாளின் அளவை ஒருமுறை மாற்றிப் பார்ப்பது. எது இடம் பிசகுகிறதோ அது தவறான இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. ஸ்வரத்திலிருந்து வெகுதூரம் இழுத்து வைக்க வேண்டிய நிலை வந்தாலே, நங்கூரம் தப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜேபிஜி படம் போதாதா? எஸ்விஜி, எஸ்விஜின்னு சொல்றீங்களே, அது என்ன?

ஜேபிஜியும் பிஎன்ஜியும் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனவை. பெரிதாக்கினால் புள்ளி தெரியும். எஸ்விஜி என்பது கோடு எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்ற கணக்கு. எத்தனை பெரிதாக்கினாலும் ஓரம் கூராக இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதில் புரியும். மியூஸ்ஸ்கோரின் வழக்கமான அளவில் இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம் 1.75 மில்லிமீட்டர், ஐந்து கோடும் சேர்ந்து 7 மில்லிமீட்டர் உயரம். இரண்டு இடைவெளி உயரமுள்ள ஒரு குறி 3.5 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத்தரத்தில் அதற்கு 41 புள்ளிகள்தான் கிடைக்கும். 600 ஆனாலும் 83தான். வளைந்த குச்சியின் வளைவை 41 புள்ளியில் காட்ட முயன்றால் படிக்கட்டு மாதிரி வரும். ஆகவே குறி என்றால் எஸ்விஜி. கோயில் புகைப்படத்துக்கு ஜேபிஜி போதும். ஏ4 பக்கம் முழுக்க நிரப்பும் படத்துக்கு 2480 க்கு 3508 புள்ளி இருந்தால் 300 தரம் வந்துவிடும்.

இன்னொன்று: ஜேபிஜியில் ஊடுருவித் தெரியும் பின்னணி கிடையாது. குறியைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வந்து கீழே இருக்கும் கோடுகளை மறைத்துவிடும். வேறு வழியில்லாமல் புள்ளிப்படம்தான் போட வேண்டும் என்றால், பின்னணி நீக்கிய பிஎன்ஜியைப் போடுங்கள்.

எனக்கு வரையவே வராது. எஸ்விஜி எப்படிச் செய்யறது?

இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். கணினியில் வரைய வராதவர்களுக்கு நான் சொல்வது: வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு மார்க்கரால் குறியை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக வரையுங்கள். நல்ல வெளிச்சத்தில் நிழல் விழாமல் படம் பிடித்து இங்க்ஸ்கேப்பில் கொண்டுவந்து, புள்ளிப்படத்தைக் கோடாக மாற்றும் கட்டளையைக் கொடுங்கள். பிறகு தேவையற்ற முடிச்சுகளைக் குறைத்துக் கோட்டை மென்மையாக்குங்கள்.

தடிமன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அச்சில் ஐங்கோட்டின் ஒரு கோடு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். நம் குறியின் மெல்லிய பகுதி அதைவிடக் குறைந்தால் கண்ணுக்கு எட்டாது. ஸ்வரத்தலையைவிடக் கனமாக இருந்தாலோ, பக்கம் முழுக்க அந்தக் குறிதான் கத்திக்கொண்டிருக்கும். ஓர் உண்மையான இசைத்தாளை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்து, ஒரு கைநீளத் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிப்பவனுக்குத் தாள் அதைவிடக் கிட்டத்தில் இருக்காது.

இங்க்ஸ்கேப்ல அழகா இருந்துச்சு, மியூஸ்ஸ்கோர்ல பாதியைக் காணோம்!

எஸ்விஜியில் பல நிலை வசதிகள் உண்டு. மியூஸ்ஸ்கோர் படிப்பது அதில் எளிய வகையைத்தான். மங்கலாக்கல், நிழல் போன்ற வேலைப்பாடுகள் விட்டுப்போகும். குறிக்குள் எழுத்து இருந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் வடிவம் மாறிவிடும். எனவே சேமிக்கும் முன் எழுத்தையும் வடிவங்களையும் தேர்ந்து, பொருளைப் பாதையாக மாற்றும் கட்டளையைக் கொடுங்கள் (ஷிஃப்ட், கன்ட்ரோல், சி). அலங்காரம் எல்லாம் நீக்கித் தட்டையான கறுப்பு நிறம் மட்டும் வையுங்கள்.

படம் வருகிறது, ஆனால் பொடிசாக எங்கோ மூலையில் நிற்கிறது என்றால், வரைந்த தாள் ஏ4 அளவிலேயே இருந்திருக்கிறது. குறியைத் தேர்ந்து ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆர் அழுத்தினால் தாள் குறியின் அளவுக்குச் சுருங்கும். என்னிடம் வந்த கோப்புகளில் பாதிக்கு இதுவே மருந்தாக இருந்தது.

உறுமிக்குன்னு புதுசா எத்தனை குறி வரையணும்? எங்க குழுவுக்கு ஒரு இருபது வேணும்னு நினைக்கிறோம்.

இருபது வேண்டாம். இதைச் சொல்லும்போது பையன்களின் முகம் வாடிவிடுகிறது, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு புதிய குறியும் வாசிப்பவன் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு புதிய எழுத்து. ஏற்கெனவே இருப்பதில் எது ஒத்துவரும் என்று முதலில் தேடுங்கள். இசை எழுத்துருக்களுக்கு ஸ்மஃப்ல் என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது. ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் டேனியல் ஸ்ப்ரெட்பரி 2013இல் தொடங்கியது. இன்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் ஓர் இசைக்குறிப்புக் குழு அதைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குறிகளுக்கு அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் முதல் எழுத்துரு பிராவுரா இலவசம். மியூஸ்ஸ்கோரில் குறிகளை அடுக்கி வைத்திருக்கும் முதன்மைப் பலகையைத் திறந்தால் (ஷிஃப்ட், எஃப்9) இந்தக் குறிகளை எல்லாம் பார்க்கலாம். கொங்கா, பொங்கோ, கஞ்சிராவை ஒத்த தாம்பூரின் எனத் தோல்வாத்தியங்களுக்கே சிறு படக்குறிகள் உண்டு.

நான் 11 குறி வரைந்து தொடங்கினேன், இப்போது கையில் இருப்பது மூன்று. மற்றவை எங்கே போயின என்று சொல்கிறேன். சாதாரண அடிக்கு வழக்கமான ஸ்வரத்தலை. விளிம்பில் அடித்தால் பெருக்கல் குறித் தலை, இது டிரம் எழுதுபவர்கள் எல்லாருக்கும் பழக்கமானது. கையால் அமுக்கி அடிப்பதற்கு மேலே ஒரு கூட்டல் குறி, விட்டு அடிப்பதற்குச் சிறு வட்டம். தவிலுக்கு இரண்டு கோடு போதும், மேல்கோடு வலந்தலை, கீழ்க்கோடு தொப்பி. கூடா கழியா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

தேய்ப்புக்குப் படம் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. தேய்ப்பு நீளும். ஒரு தட்டில் எழுத்து அதிகமானால் மென்பொருள் அந்தத் தட்டை அகலமாக்கும், ஸ்வரங்கள் விலகும். படம் மட்டும் அதே நீளத்தில் நின்று, தேய்ப்பு பாதியில் முடிவதாகக் காட்டும். கோடுகள் பலகையில் இருக்கும் அலைக்கோட்டை எடுத்துத் தொடங்கும் ஸ்வரத்திலிருந்து முடியும் ஸ்வரம் வரை போட்டால், ஸ்வரம் நகர நகரக் கோடும் நீண்டு சுருங்கும். குச்சியை அழுத்திச் சுருதியை உயர்த்தும் இடத்தில் மேல்நோக்கிய சாய்கோடு. நான் வரைந்து வைத்திருக்கும் மூன்றும் இவற்றில் அடங்காதவை: வளைகுச்சியின் ஒற்றைச் சுண்டு, இரண்டு முகமும் ஒரே நேரத்தில் பேசும் அடி, குழு முழுவதும் நிறுத்தித் தலைவரின் கையைப் பார்க்க வேண்டிய இடம்.

ஒரே குறியை இருநூறு தடவை போடணும். ஒவ்வொரு தடவையும் கோப்புலேர்ந்து இழுக்கணுமா?

வேண்டாம். ஒருமுறை தாளில் போட்டு அளவைச் சரிசெய்த பிறகு, கன்ட்ரோலையும் ஷிஃப்ட்டையும் அழுத்திக்கொண்டு அந்தக் குறியை இழுத்து நீங்கள் புதிதாக உண்டாக்கிய பலகையில் விடுங்கள். பிறகு ஸ்வரத்தைத் தேர்ந்து பலகையில் உள்ள குறியைச் சொடுக்கினால் போதும். அளவைச் சரிசெய்வதற்கு முன்னால் பலகையில் போட்டுவிட்டால் இருநூறும் தவறான அளவில் வரும். பொறுமையாக அச்சிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஆனாலும் இதில் ஒரு குறை உண்டு. இருநூறு குறி போட்ட பிறகு வடிவத்தைச் சற்று மாற்ற நினைத்தால், ஒவ்வொன்றும் தனித்தனிப் படம். அடுத்த பதில் அதற்குத்தான்.

சொந்தமா எழுத்துருவே செய்யலாமாமே? அது பெரிய வேலையா?

ஒரு வாரக் கடைசி ஆகும். பலமுறை வரும் குறிக்கு அந்த உழைப்பு தகும். ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில், இங்க்ஸ்கேப்பில் வரைந்த எஸ்விஜியை ஓர் எழுத்தின் இடத்தில் ஏற்றி எழுத்துருவாகச் சேமிக்கலாம். அளவுக்கு ஸ்மஃப்ல் முறையையே பின்பற்றுங்கள்: எழுத்துருவின் முழு உயரம் ஐங்கோட்டின் முழு உயரம். 1000 அலகு என்று வைத்தால் ஓர் இடைவெளி 250 அலகு. பிறகு மியூஸ்ஸ்கோரில் உரைப் பாணிகளில் பயனர் பாணி ஒன்றுக்கு இந்த எழுத்துருவைக் கொடுத்து, ஸ்வரத்தின் மேல் உரையாகக் குறியைத் தட்டச்சு செய்யுங்கள். உரை ஸ்வரத்தோடு கட்டப்பட்டிருக்கும், கூராக அச்சாகும். பாணியில் அளவை மாற்றினால் இருநூறும் ஒரே நொடியில் மாறும்.

எந்த எழுத்தின் இடத்தில் வைப்பது என்பதில் யோசனை தேவை. யூனிகோடில் சொந்தக் குறிகளுக்கென்றே 6,400 இடங்கள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது, முறைப்படி அங்கேதான் வைக்க வேண்டும். ஆனால் விசைப்பலகையில் அதைத் தட்டுவது பிள்ளைகளுக்குச் சிரமம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்தால் தட்டுவது சுலபம்; எழுத்துரு இல்லாத கணினியில் குறிக்குப் பதில் அந்த ஆங்கில எழுத்து நிற்கும். யூனிகோடு வருவதற்கு முன் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்: எழுத்துரு இல்லாவிட்டால் ஒரு கல்யாணப் பத்திரிகை முழுவதும் புரியாத கிறுக்கலாகிவிடும். ஒரு குழுவுக்குள் மட்டும் புழங்கும் கோப்பு என்றால் நான் சுலபமான வழியை எடுக்கிறேன், எழுத்துருக் கோப்பையும் கூடவே கொடுத்துவிடுகிறேன்.

ஸ்வரத்தைத் தமிழ்ல எழுதுறேன். மேல் ஸ்தாயிப் புள்ளி ‘ரி’க்கு மேல சரியா உட்கார மாட்டேங்குது. டீச்சர் திட்டுறாங்க.

மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்கு எழுத்தின் மேலேயும் கீழ் ஸ்தாயிக்குக் கீழேயும் புள்ளி வைப்பது வழக்கம். ‘ச’, ‘ப’ போன்ற எழுத்துகளில் பரவாயில்லை. ‘ரி’, ‘நி’ இரண்டிலும் கொக்கி மேலே ஏறி இருப்பதால் புள்ளி அதோடு மோதும். யூனிகோடில் முன்னெழுத்தோடு சேரும் மேற்புள்ளி (0307), கீழ்ப்புள்ளி (0323) இரண்டும் உண்டு. ஆனால் அவை முதன்மையாக லத்தீன் எழுத்துகளுக்கென வந்தவை; எல்லாத் தமிழ் எழுத்துருக்களும் அவற்றைச் சரியான இடத்தில் வைப்பதில்லை. முதலில் இரண்டு மூன்று எழுத்துருக்களில் சோதித்துப் பாருங்கள். தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்த முன்னோடி முயற்சிகளில் ஒன்றான முரசு அஞ்சல் மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கியது. நம் நாட்டில் நல்ல தமிழ் எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை.

எதுவும் ஒத்துவரவில்லையா? மேலே சொன்ன சொந்த எழுத்துரு வழியில் ஏழு ஸ்வரங்களையும் மூன்று ஸ்தாயிகளில் 21 குறிகளாகச் செய்துவிடலாம். புள்ளியைத் தனிப் படமாக ஒட்டாதீர்கள். நங்கூரத்தைப் பற்றிச் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்: ஒரு புள்ளி நகர்ந்தால் பாட்டு ஒரு ஸ்தாயி மாறிவிடுகிறது.

குறி போட்டா, பிளே அழுத்துனா அந்தச் சத்தம் வருமா?

வராது. படத்துக்கும் உரைக்கும் ஒலி கிடையாது. ஒலி வேண்டுமானால் ஸ்வரத்துக்கு அடியில் இருக்கும் மிடி எண்ணில் (எந்த ஒலி வர வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் எண்) வேலை செய்ய வேண்டும். தாள வாத்தியத்தில் ஒவ்வோர் அடிக்கும் 0 முதல் 127க்குள் ஓர் எண், ஒரு ஸ்வரத்தலை வடிவம், கோட்டில் ஓர் இடம் என்று மியூஸ்ஸ்கோரில் நிர்ணயிக்கலாம். உங்கள் உறுமியின் அடிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்து, பாலிஃபோன் என்ற இலவச மென்பொருளில் ஒலித்தொகுப்பாகச் சேர்த்து, அந்த எண்களோடு பொருத்தினால் கணினி உங்கள் உறுமியிலேயே வாசிக்கும். நீளும் தேய்ப்பு மட்டும் இயல்பாக வராது, துண்டுதுண்டாகக் கேட்கும். நான் அதைத் தாளம் சரிபார்க்க மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப்ல அனுப்புனா போன்ல குறி தெரியல. கோப்பு கெட்டுப்போச்சா?

கெடவில்லை. மியூஸ்ஸ்கோர் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி, போட்ட படங்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். எழுத்துரு மட்டும் அதற்குள் போகாது. எனவே எழுத்துருக் குறி வைத்திருந்தால், எழுத்துரு நிறுவாத இடத்தில் வெறும் கட்டமோ ஆங்கில எழுத்தோ தெரியும். வாசிப்பவர்களுக்கு எப்போதும் பிடிஎஃப் அனுப்புங்கள், எழுத்துருவும் அதில் பதிந்துவிடும். திருத்துபவருக்கு மட்டும் மூலக் கோப்பு. பிடிஎஃப்பையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் படத்தை நசுக்கிவிடும், வரைந்த உழைப்பு வீண்.

ஈப்போவில ஒரு மாஸ்டர் சிபேலியஸ் வச்சிருக்கார். மியூசிக்எக்ஸ்எம்எல்-ல மாத்திக் கொடுத்தா குறி போகுமா?

ஸ்வரம், தாளம், பாடல் வரி போகும். பெருக்கல் தலை, கூட்டல் குறி, அலைக்கோடு போன்ற பொதுக் குறிகள் பெரும்பாலும் போய்ச் சேரும். நம் சொந்தப் படங்கள் அநேகமாக வழியில் விழுந்துவிடும். எழுத்துருக் குறி உரையாகப் போகும். எழுத்துருவையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் அதை மீட்டுக்கொள்ளலாம். இருபது குறி வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மாற்றிக் கொடுக்கும்போது பிடிஎஃப்பையும் உடன் அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கலர்ல குறி போட்டா பசங்களுக்குச் சுலபமா இருக்கும்ல?

திரையில் இருக்கும். ஆனால் நம் தாள்கள் கடைசியில் போட்டோஸ்டெட் கடைக்குத்தான் போகின்றன. சிவப்பும் பச்சையும் அங்கே ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் வரும். வண்ணத்தை நம்பாமல் வடிவத்திலேயே வேறுபாடு காட்டுங்கள்: நிரப்பியது, நிரப்பாதது, கோடு போட்டது. பிறகு வண்ணமும் சேர்த்தால் கெடுதல் இல்லை. பிரதியின் பிரதி எடுக்கும்போது மெல்லிய கோடுகள் உடையும், ஆகவே ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

கூகுள்ல ஒரு அம்மன் படம் கிடைச்சுது. முகப்புல போடலாமா தம்பி?

ஐயா, வேண்டாம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் வாழ்நாளும் அவர் மறைந்து 50 ஆண்டுகளும் அந்த ஓவியத்துக்குப் பாதுகாப்பு உண்டு. இணையத்தில் கிடைப்பதாலேயே அது பொதுச்சொத்து ஆகிவிடாது. தோட்ட நிறுவனத்தின் சின்னமும் அப்படியே. அனுமதி கேட்காமல் போடக்கூடாது. உங்கள் கோயிலையே ஒரு காலை வெளிச்சத்தில் படமெடுங்கள், அல்லது தமிழ்ப்பள்ளிப் பிள்ளையை வரையச் சொல்லிப் பெயரைக் கீழே போடுங்கள். அந்தப் புத்தகத்தை அந்தப் பிள்ளையின் வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

எங்க தாத்தா வாசிச்ச மாதிரியே இந்தக் குறியை வச்சு எழுதிட முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். முழுதாக முடியாது. எந்த அடி எங்கே விழுகிறது, எது நீளம், எது அழுத்தம் என்று எழுதலாம். காவடிச் சிந்தின் திஸ்ர நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் நடை) அவர் மூன்றாவது அடியை ஒரு மயிரிழை தாமதித்து வைத்திருப்பார். அதைக் குறியாக்க முயன்றால் தாள் முழுக்க எண்களாகி, படிப்பவன் தாளத்தையே விட்டுவிடுவான். அந்த இடத்தில் ‘சற்றுப் பிந்தி’ என்று தமிழில் இரண்டு சொல் எழுதுங்கள். குறியால் சொல்ல முடியாததைச் சொல்லால் சொல்வது எழுதும் முறைக்கு உட்பட்டதுதான்.

அதோடு புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு குறிவிளக்கம் வையுங்கள். ஒவ்வொரு குறியையும் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் குச்சியும் கையும் இருக்கும் நிலையைப் படமாகக் காட்டி, எப்படிச் செய்வது என்று ஒரு வரி. இது சட்டத்துக்குள் வைக்க வேண்டிய உண்மையான படம், முதல் பதிலில் சொன்ன முதல் வகை. குறியை உண்டாக்கியவர் இல்லாத இடத்திலும் படிக்க முடிகிறதா என்பதை, அந்தப் பக்கத்தை மட்டும் பக்கத்து ஊர்க் குழுவிடம் கொடுத்துச் சோதியுங்கள்.

பெரியவர் இருக்கும்போதே அவர் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், வெகு நிதானமாக ஒருமுறை, கோயிலில் வாசிக்கும் வேகத்தில் ஒருமுறை. கையும் குச்சியும் தெரியும்படி கேமராவைப் பக்கவாட்டில் வையுங்கள். பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்தில் எந்த அடி, யார் வாசித்துக் காட்டியது, எந்தத் தோட்டம், எந்தத் தேதி என்று எழுதிவிடுங்கள். என்னிடம் எழுதக் கொண்டுவரும்போது அந்தப் பதிவையும் கொண்டுவாருங்கள், தாளை அதோடு வைத்துக் கேட்டுக்கொண்டே திருத்தலாம்.